பொடி வைத்த சங்கிலி

1

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத மாலையில் என் மகள் கவிதா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பூதக்கண்ணாடியோடு வீடு திரும்பினாள். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில், ஒரு நூல்மில் ஊர். கார்த்திகை என்றால் இங்கே நாலு மணிக்கே இருட்டு. நான் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் இரவுச் சாப்பாட்டுக்கு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இருக்கும் தங்கம், வெள்ளிச் சாமான்களில் என்னென்ன முத்திரை இருக்கிறது என்று பார்த்து வரைந்து வரும்படி டீச்சர் சொல்லியிருக்கிறார். இங்கே கடையில் வாங்கிய ஒரு ஜோடிக் கம்மல் எங்களிடம் இருந்தது. அதன் தண்டில், கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில், ஒரு கிரீடம், ஒரு எண், ஒரு ரோஜாப்பூ, ஓர் எழுத்து. "எல்லாம் இருக்கு!" என்று துள்ளினாள். பிறகு பீரோவைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றி நான் உள்ளே தள்ளி வைத்திருந்த மூன்று வடச் சங்கிலியை எடுத்து வந்தாள்.

கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதில் ரெண்டு எழுத்தும் இருபத்திரண்டும் மட்டும்தான் இருக்கு. கிரீடம் இல்லை. இது செல்லாது அம்மா. இதைத் தங்கம் என்று சொல்லி ஒரு கடையில் விற்கக்கூடாது, அது சட்டம்" என்றாள். இவ்வளவையும் இங்கிலீஷில்தான் சொன்னாள். 'செல்லாது' என்று அவள் சொன்ன இங்கிலீஷ் வார்த்தைக்கு, அவள் கையிலிருந்து சங்கிலியை நான் வெடுக்கென்று பிடுங்கியது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. பதினோரு வயதுப் பெண்ணுக்கு அந்தக் கதையை நாங்கள் சொன்னதே இல்லை.

2

எனக்குக் கல்யாணமானது எழுபத்து மூன்றில். அப்பா பெயர் கந்தசாமி. மோகனூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். என்னைக் கொடுத்த இடம் திருச்செங்கோட்டுக்கு அருகே, மானாவாரிக் காடும் ஒரு கிணறும். கல்யாணத்துக்கு முன் அப்பா என்னையும் சேலம் கடைவீதிக்குக் கூட்டிப்போய் அந்தச் சங்கிலியை வாங்கினார். கடைக்கு வெளியே வந்து, கொக்கியை வெயிலில் பிடித்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"முத்திரை உழுந்திருக்குது சாமி. இனி ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் என்னிடம்.

அந்த முத்திரையைக் குத்தியது யார், குத்துவதற்கு முன் சோதித்தது யார் என்றெல்லாம் நாங்கள் யாரும் கேட்டதில்லை. நகை செய்தவர்களே தங்கள் பெயரின் முதலெழுத்தையும் 22 என்ற எண்ணையும் குத்திக் கொடுத்தார்கள். அது அவர்களுடைய வாக்கு. இருபத்துநாலு பங்கில் இருபத்திரண்டு பங்கு தங்கம், மீதி இரண்டு பங்கு செம்போ வெள்ளியோ என்று பொருள். அந்த வாக்கு சரியா என்று பார்க்க எங்களுக்கு இருந்தது ஆசாரியின் உரைகல் ஒன்றுதான். கல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மாற்று, அதாவது சுத்தத்தின் அளவு, தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு இழுத்து, நிறத்தை ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

கல்யாணமாகி நாலைந்து வருடத்தில் எங்கள் கிணறு வற்றிவிட்டது. மாமனார் இல்லை, நான் அத்தை என்று கூப்பிடும் மாமியார்தான் காட்டையும் வீட்டையும் கட்டி ஆண்டார். என் கணவர் சின்னுசாமிக்கு சேலத்தில் மில் வேலை. போர் போடுவதற்காக என் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று அத்தை கேட்டார். நானே கழற்றிக் கொடுத்தேன். காலையில் திருச்செங்கோட்டுக்குப் போனவர் மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"ஏங் கண்ணு, இத எங்க வாங்குனீங்க?"

"சேலத்துலைங்க அத்தை."

"கல்லுல ஒரசிப் பாத்துட்டு மாத்துக் கொறையுதுங்கறான். இருவத்திரண்டே இல்லியாமா. நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டான்."

அவர் கத்தவில்லை. நாலு பேர் முன்னால் என்பதைத்தான் இரண்டு தரம் சொன்னார். காட்டையும் மானத்தையும் தனியாளாகக் காப்பாற்றி வந்த பெண்மணிக்கு அந்தக் கடையில் நேர்ந்தது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அன்று முடியவில்லை.

செய்தி மோகனூருக்குப் போனது. அப்பா மறுநாளே வந்தார். கொக்கியைத் திருப்பிக் காட்டி, "முத்திரை இருக்குதுங்களே" என்றார்.

"முத்திரைய எவன் வேணும்னாலும் குத்தலாமுங்க. கல்லு பொய் சொல்லுமுங்களா?" என்றார் அத்தை.

அப்பா சங்கிலியை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே சேலத்துக்குப் போனார். அம்மாபேட்டைப் பக்கம் வேறொரு ஆசாரியிடம் உரைத்துப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. "இருவத்திரண்டு சுத்தமா நிக்குதுங்க" என்றார்.

"நீங்க கூட்டிப்போன ஆசாரி நீங்க சொன்னதத்தான சொல்லுவான்?"

நான் மோர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா சங்கிலியை வாசற்படியில் வைத்தார். தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "எம்பொண்ணுக்கு நா மட்டத்தப் போட்டு ஏமாத்திட்டேன்னு நெனைக்கற ஊட்டுல எனக்குத் தண்ணி வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். மோர் என் கையிலேயே இருந்தது.

அதன்பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. கவிதாவுக்குக் காது குத்தியபோது என் தம்பி செல்வராஜையும் அனுப்பவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். என் மகள் ஒரு பங்காளியின் மடியில் உட்கார்ந்து அழுதாள். அத்தை அதன்பிறகு சங்கிலியைப் பற்றி நேராகப் பேசியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு நகைப் பேச்சு வந்தால், "முத்திரை போட்டதாப் பாத்து வாங்கோணும்" என்று பொடி வைத்துப் பேசுவார். என் கணவர் இரண்டு பக்கமும் பேசாமல், இங்கிலாந்து மில் ஒன்றில் வேலை கிடைத்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வசதிக்காக வந்தோம் என்று எல்லோரிடமும் சொன்னோம். அதுவும் பொய் இல்லை.

3

இங்கே வந்த புதிதில் என்னை யாராவது "மிஸஸ் கந்தசாமி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன். பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. எங்களுக்கு அப்படியொன்று கிடையாது என்று சொன்னால் படிவம் ஒத்துக்கொள்ளாது. நிரப்பிக் கொடுத்தவர் என் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதிவிட்டார். என் கணவருக்கு அவருடைய அப்பா பெயர், மகளுக்கு என் கணவர் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். மருத்துவமனையிலும் கவுன்சில் அலுவலகத்திலும் நாங்கள் முறைப்படி கல்யாணம் ஆனவர்கள்தானா என்று நயமாகக் கேட்பார்கள். அப்பாவோ எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். இங்கே நான் பஸ் பாஸ் வாங்கினாலும் அவர் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பூதக்கண்ணாடி சம்பவத்துக்குச் சில நாள் கழித்து செல்வராஜிடமிருந்து தகவல் வந்தது. அப்பாவுக்கு இடது கையும் காலும் வலுவிழந்துவிட்டன, முடிந்தால் வந்து பார் என்று. தை மாதம் போக டிக்கெட் எடுத்தோம். அன்றிரவு சங்கிலியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இத இங்க சோதிச்சுப் பாத்துரலாமுங்க" என்றேன்.

"பழசக் கெளறாத சரசு. கொறையுதுன்னு வந்துட்டா என்ன பண்ணுவ?" என்றார் அவர்.

ஆனாலும் சனிக்கிழமை கவிதாவைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர், சிரித்த முகம். சங்கிலியை அவர் முன் வைத்து, ஊரில் கேட்பதுபோலவே, "இதன் டச் எவ்வளவு?" என்று இங்கிலீஷில் கேட்டேன். சேலத்தில் மாற்றுக்கு நாங்கள் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தை அதுதான். அவர் குழம்பிப்போய், "தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம் அம்மா, உங்கள் சங்கிலிதானே" என்றார். கவிதா வெட்கத்தில் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். இப்போதெல்லாம் என் இங்கிலீஷுக்காக அவள் இப்படி அடிக்கடி வெளியே போய்விடுகிறாள்.

நான் வேறு வார்த்தையில் கேட்டதும் அவர் விளக்கினார். ஊரில் நகை வாங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். இந்த நாட்டில் செய்தவர் தன் எழுத்தைக் குத்தலாம். ஆனால் இது இத்தனை சுத்தம் என்று அவரே சொல்லிக்கொள்ள முடியாது. அதற்கென்று தனியான சோதனைச் சாலை ஒன்றுக்கு நகையை அனுப்ப வேண்டும். அவர்கள் சுரண்டி எடுத்துச் சோதித்த பிறகு குத்துவார்கள். கிரீடம் என்றால் தங்கம். எண் என்பது ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பது: இருபத்திரண்டு கேரட் என்றால் 916, பதினெட்டு என்றால் 750, ஒன்பது என்றால் 375. ரோஜாவோ நங்கூரமோ எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதைக் காட்டும். கடைசி எழுத்து வருடத்துக்கு. 375 என்று குத்தியிருந்தால் அதுவும் நேர்மையான முத்திரைதான். பாதிகூடத் தங்கம் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்கிறது. முத்திரை இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவது நம் தவறு. இங்கே வந்த நம் ஆட்கள் பலர் அப்படித்தான் வாங்கி ஊருக்கு அனுப்புகிறார்கள்.

"உங்கள் சங்கிலியில் இருப்பது செய்தவரின் வாக்கு மட்டும்தான். வேண்டுமானால் நான் அனுப்பிச் சோதித்துச் சொல்கிறேன்" என்றார். நான் சரி என்றேன். வீடு வரும்வரை கவிதா எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் வந்து, "அது கெட்ட தங்கமா இருந்தா நீ அழுவியா?" என்று கேட்டாள். அவளாகத் தமிழில் பேசி நெடுநாளாகியிருந்தது.

4

கடைக்காரர் மறுபடி கூப்பிட்டபோது என் கணவரும் வந்தார், மில்லில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு.

"மிஸஸ் கந்தசாமி, உங்கள் தங்கம் நல்ல தங்கம். வளையங்கள் எல்லாம் முழு இருபத்திரண்டு. ஆனால் அவர்கள் முத்திரை குத்தவில்லை" என்றார் கடைக்காரர்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் ஒரு வளையத்தைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு வளையத்திலும், முனையோடு முனை சேரும் இடத்தில், சற்றே வெளிறிய ஒரு புள்ளி தெரிந்தது. முனைகளைப் பற்றவைக்க ஆசாரி பொடி வைத்து ஊதிய இடம். வளையம் உருகுவதற்கு முன் பொடி உருகினால்தான் ஒட்டும். அதனால் அதில் வேறு உலோகங்களை அதிகம் கலப்பார்கள். எங்கள் சங்கிலியில் அது மிக அதிகம். இந்த நாட்டுச் சட்டம் பொடிக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் மற்றதெல்லாம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முத்திரை கிடையாது. மூன்று வடத்திலும் எத்தனை வளையமோ அத்தனை பொடி. அந்தக் காலத்தில் நம் ஊரில் பொதுவாக அப்படித்தான் செய்வார்கள் என்றும், இது போன்ற சங்கிலிகளைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

பிறகு அவரே, "இதை முன்பு இரண்டு பேர் சோதித்திருக்கிறார்கள் போலிருக்கிறது" என்று இரண்டு பழைய தேய்ப்புகளைக் காட்டினார். ஒன்று கொக்கியின் பட்டையில், அகலமாக. இன்னொன்று ஒரு வளையத்தில், சரியாகப் பொடி வைத்த இடத்தின்மேல்.

சேலத்து ஆசாரி கொக்கியை உரைத்திருக்கிறார். திருச்செங்கோட்டில் வளையத்தை உரைத்திருக்கிறார்கள். இரண்டு கல்லும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

திரும்பும்போது பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்திருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் வாய் திறக்காதிருந்த என் கணவர், "எங்கம்மாகிட்ட நானே சொல்றேன். நீ ஒண்ணுஞ் சொல்லாத" என்றார்.

5

தை மாதம் ஊருக்குப் போனோம். முதலில் திருச்செங்கோட்டு வீடு. அத்தை கவிதாவின் தாடையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளோ, "நீ நல்லா இருக்கியா? இங்கே உக்காரு" என்றாள். 'ங்க' போடாமல் பெரியவர்களிடம் எங்கள் ஊரில் யாரும் பேச மாட்டார்கள். எனக்கு உடம்பு கூசியது. அத்தை சிரித்துவிட்டார். "போகட்டும் உடு. தமிழு மறக்காம இருக்குதே" என்றார்.

சாப்பிட்ட பிறகு என் கணவர் சங்கிலியை எடுத்து அவர் மடியில் வைத்து, கடையில் கேட்டதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். அத்தை கொக்கியையும் வளையத்தையும் மாறி மாறித் தடவினார்.

"அப்ப அந்த மோகனூரு மனுசன் பொய் சொல்லல?"

"இல்லம்மா. நீயும் பொய் சொல்லல."

"நா சொல்லலீன்னு எனக்குத் தெரியுமப்பா. அத இப்ப யாரு கேட்டா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நாங்கள் மோகனூர் கிளம்பியபோது அவர் வெள்ளைச் சேலை மாற்றி, செருப்புப் போட்டு, வாசலில் நின்றிருந்தார். "நானும் வாரேன்" என்றார். நாமக்கல்லில் பஸ் மாறும்போது என் கணவர் டீ வாங்கிக் கொடுத்தார். அத்தை குடிக்கவில்லை.

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் செத்ததுபோல் கிடந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது. அம்மா ஓடிவந்து கவிதாவைக் கட்டிக்கொண்டாள். அத்தை உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்று, "ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார்.

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார் கடைசியில்.

நான் சங்கிலியை அப்பாவின் வலது கையில் வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிதான் சொல்லியிருப்பேன். "சீமைக்காரன் சொல்லித்தான் உனக்குத் தெரியோணுமா சாமி, நா போட்டது நல்லதுன்னு?" என்றார். "சந்தேகம் இருந்துதான கொண்டுபோயிக் காட்டுன?"

அப்பாவைக் காப்பாற்றத்தான் சோதித்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் நம்பிக்கை முழுசாக இருந்திருந்தால் கடைக்காரர் கூப்பிட்ட அன்று நான் ஏன் பயந்தேன்?

அத்தைதான் பேசினார். கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அப்பாவைப் பார்க்காமல், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு.

"நகை கெடக்கட்டுமுங்க. எம் பேத்திக்குக் காது குத்துனப்ப மாமன் மடி இல்லாமப் போச்சு. அன்னிக்கு நானே வந்து கூப்புட்டிருக்கோணும். வரோணும்னு பஸ்ஸுக்குப் போயி நின்னேனுங்க. ஏறாமத் திரும்பிட்டேன்."

இது எங்கள் யாருக்குமே தெரியாது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா சங்கிலியை ஜன்னலோரம் வைத்தார். "நீங்க வந்திருந்தாலும் நா வந்திருக்க மாட்டேனுங்க" என்றார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் கோணிய வாயில் சிரிப்பு போல ஒன்று வந்தது. அத்தைக்கும் வந்தது, கூடவே கண்ணீரும். இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு பேச ஒன்றும் மிச்சமில்லாததுபோல இருந்தது. அம்மா இலை போட்டாள். அப்பாவுக்கு நான் ஊட்டிவிட்டேன். அத்தை அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, மோரும் குடித்தார். கொடிக்காலில் தண்ணீர் எப்படி, போர் எத்தனை அடியில் நிற்கிறது என்று சாயங்காலம் வரை காட்டுப் பேச்சாகவே போனது. சங்கிலி ஜன்னலோரம் கிடந்தது. கிளம்பும்போது அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இப்போதும் போட்டிருக்கிறேன். பொடியை மாற்றிப் பற்றவைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

6

அந்த வருடம் ஐப்பசியில், நான் சமையற்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, நாமக்கல்லிலிருந்து செல்வராஜின் ட்ரங்க் கால் வந்தது. அப்பா முந்தின நாளே போய்விட்டார். எடுத்தும் ஆகிவிட்டது. நான் புறப்பட்டாலும் முகம் பார்க்க முடியாது. மில்லில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்ததால் என் கணவராலும் நகர முடியாத நேரம். தொலைவில் இருப்பது என்றால் இதுதான் என்று இங்கே வந்த எல்லோருக்கும் ஒருநாள் தெரியவரும். எனக்கு அன்று தெரிந்தது. டெலிபோன் மேசைக்குப் பக்கத்தில் கோட்டோடு நின்றேன். கவிதா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லைன் விட்டு விட்டுக் கேட்டது. செல்வராஜ் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான்.

"உங்க அத்தை மொத பஸ்ஸுலயே வந்துட்டாங்கக்கா. இன்னும் போகல, காரியம் முடிஞ்சுதான் போவேங்கறாங்க. அம்மாவுக்குக் கஞ்சி காச்சி ஊட்டறது அவங்கதான். வந்தவங்கள்ல ஒருத்தி, பொணத்துக்குத் தலமாட்டுல உக்காந்திருக்கீங்களே, நீங்க யாருங்க சம்பந்தியான்னு கேட்டா. இவங்க, 'செத்துப்போனது எங்கண்ணனுங்க'ன்னாங்க."